விண்டோஸ் சர்வரின் கோப்புச் சேவைகள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 25 கணினிகள் உள்ளன. ஒரு விண்டோஸ் 10 கணினியில் ஃபோல்டரை ஷேர் செய்து பயன்படுத்துகிறோம். தனியாகச் சர்வர் வேண்டுமா?

பதில்: வேண்டும். விண்டோஸ் 10 ஒரே நேரத்தில் 20 இணைப்புகளை மட்டுமே ஏற்கும். எண்ணிக்கையை விடவும் முக்கியமானது, யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சர்வரில் ஒழுங்காக வரையறுக்க முடிவதுதான். ‘அக்சஸ் பேஸ்டு எனுமரேஷன்’ வசதியை இயக்கிவிட்டால், அனுமதியில்லாத ஃபோல்டரின் பெயர்கூட ஊழியரின் திரையில் தோன்றாது. சம்பள விவரம் என்ற பெயர் கண்ணில் படுவதே மனக்கசப்புக்குப் போதும்.

கேள்வி: பிற்பகல் 3 மணிக்கு ஒருவர் எக்செல் கோப்பில் தவறான கணக்கை எழுதிச் சேமித்துவிட்டார். பழையது கிடைக்குமா?

பதில்: குறித்த நேரங்களில் கோப்புகளின் அப்போதைய நிலையைப் பதிவுசெய்து வைக்கும் ‘ஷேடோ காப்பி’ வசதி அந்த டிரைவில் முன்பே இயக்கப்பட்டிருந்தால் கிடைக்கும். மாற்றப்படாத அட்டவணையின்படி திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் பதிவு எடுக்கப்படுவதால், 12 மணி நிலையில் இருந்த கோப்பு இருக்கும். கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். ‘ரீஸ்டோர்’ என்பதை உடனே அழுத்தாதீர்கள். இப்போதுள்ள கோப்பு அழிந்து, 12 மணிக்குப் பிறகு மற்றவர்கள் செய்த சரியான திருத்தங்களும் போய்விடும். பழையதை வேறிடத்தில் நகலெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதைப் பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு டிரைவுக்கு 64 பதிவுகளே நிற்கும், அதன் பிறகு மிகப் பழையது நீங்கும். பெரும்பாலும் இவை அதே டிஸ்கிலேயே இருப்பதால் டிஸ்க் பழுதானால் இவையும் போகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பலவும் முதலில் அழிப்பது இவற்றைத்தான்.

கேள்வி: ஊழியர்கள் திரைப்படங்களைச் சேமித்து டிஸ்கை நிரப்புகிறார்கள்.

பதில்: ‘ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர்’ மூலம் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அளவு வரம்பு விதித்து, 85 சதவீதம் நிரம்பியதும் மின்னஞ்சல் எச்சரிக்கை வரும்படி அமைக்கலாம். வீடியோ கோப்புகளைத் தடுக்கவும் வழியுண்டு. ஆனால் அது கோப்பின் பெயரை மட்டுமே பார்ப்பதால், எம்பி4 என்ற நீட்சியை மாற்றிச் சேமிப்பவரைத் தடுக்காது. ஆகவே அளவு வரம்பையே நம்புங்கள்.

கேள்வி: பழைய ஸ்கேனருக்காக, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ இயக்கலாமா?

பதில்: கூடாது. 2017-இல் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேன் செய்தவற்றை மின்னஞ்சலுக்கு அனுப்ப அந்த ஸ்கேனரில் வசதியிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் ஸ்கேனரை மாற்றுங்கள்.