புயல் நாளில் பின்வளவுக் குருவிக்கு என்ன வைக்கலாம்?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். பனி கொட்டும் நாட்களில் பின்வளவுக் குருவிகளுக்கு அம்மா சோறு வைக்கிறார். அது நல்லதா? ஃபீடர் (தீனிப்பெட்டி) வைத்துப் பழக்கிவிட்டு நாங்கள் ஊருக்குப் போனால் அவை பட்டினி கிடக்குமா?

பதில்: காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்ட கை எந்த நாட்டிலும் சும்மா இருக்காது. அம்மா வைக்கட்டும், பண்டத்தை மட்டும் மாற்றுங்கள். கடும் குளிரில் சோறு சற்று நேரத்தில் கல்லாகிவிடும். குருவிக்கு இப்போது வேண்டியது கொழுப்பு.

உங்கள் வளவுக்கு வரும் கருந்தலைச் சிக்கடி என்ற சிறு குருவியின் எடை ஏறத்தாழ 12 கிராம், இரண்டு கனடிய ஒரு டொலர் நாணயங்களின் கனம். இரவில் உடல் வெப்பத்தைப் பல டிகிரி தானே குறைத்துக்கொண்டு, பகலில் தின்ற கொழுப்பை எரித்து, நடுங்கி நடுங்கியே விடிய வைக்கிறது. விடியும்போது கையிருப்பு அநேகமாகக் காலி. ஆகவே முதல் நாள் இருட்டுமுன்பே ஃபீடரை நிரப்பிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் கறுப்புச் சூரியகாந்தி விதை வாங்குங்கள். தோல் மெல்லியது, எண்ணெய் அதிகம். சிக்கடி ஒரு விதையைக் கவ்விக் கிளைக்குப் போய், கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, அலகால் கொத்தி உடைப்பதை யன்னலோரம் நின்று பாருங்கள். உப்பில்லாத கச்சானும் மாட்டுக் கொழுப்புக் கட்டியும் நல்லவை. மிக்சர், முறுக்கு, பாண் வேண்டவே வேண்டாம்.

காற்றுக்கு மறைவான பக்கத்தில் ஃபீடரை மாட்டுங்கள். யன்னலிலிருந்து ஒரு மீற்றருக்குள் இருக்கட்டும், அல்லது பத்து மீற்றருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில்தான் வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன. புயலின்போது துவாரங்களைப் பனி அடைக்கும். அவ்வப்போது தட்டிவிடுங்கள், நனைந்து பூஞ்சணம் பிடித்த விதையைக் கொட்டிவிடுங்கள். கார்டினல், ஜன்கோ போன்ற குருவிகள் தட்டையான இடத்தைத் தேடும். பழைய மேசையொன்றில் தட்டு வைத்தால் போதும். தரையில் தூவினால் எலியும் ரக்கூனும் வரும். ரொறன்ரோ நகர விதியும் ஃபீடர் தரைக்கு மேலே உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆழமில்லாத கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் வையுங்கள். உறையாதிருக்க அதில் எதையும் கலக்காதீர்கள்.

பட்டினி பற்றி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டு இருந்த ஃபீடர்களை எடுத்துவிட்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அங்கிருந்த சிக்கடிகள், ஃபீடரே காணாதவற்றைப் போலவே குளிர்காலத்தைத் தாண்டின. ஆனால் அதே விஸ்கான்சினில், கடும் குளிர் மாதங்களில் தீனி கிடைத்தவையே கூடுதலாகப் பிழைத்தன. எனவே தயங்காமல் ஊருக்குப் போங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் புயல் எச்சரிக்கை வந்தால் நிரப்பிவிட, பக்கத்து வீட்டில் ஒரு பை விதை கொடுத்துவிட்டுப் போங்கள்.