மூடிய இடத்தில் மோதும் பந்துகள்: கேள்வி பதில்

கேள்வி (யீஷூன், ஸ்னூக்கர் ஆடுபவர்): சம எடையுள்ள பந்துகள் மோதினால் 90 பாகைக் கோணத்தில் பிரியும் என்று படித்தேன். மேசையில் வெள்ளைப் பந்து அதைவிடக் குறுகிய கோணத்திலேயே செல்கிறதே, ஏன்?

பதில்: அந்த விதி சரியானதே, ஆனால் சுழற்சியில்லாத பந்துக்குத்தான் அது பொருந்தும். சம எடையுள்ள இரண்டு பந்துகளில் ஒன்று நின்றிருக்க, மற்றது ஆற்றல் இழப்பின்றிச் சாய்வாக மோதினால், உந்தமும் (நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) இயக்க ஆற்றலும் ஒருசேர மாறாதிருக்க அவை செங்கோணத்தில்தான் பிரிய முடியும். உங்கள் வெள்ளைப் பந்தோ பெரும்பாலும் உருண்டுகொண்டே வந்து மோதுகிறது. மோதல் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் நகரும் வேகம் கைமாறுகிறதே தவிர, சுழற்சி ஏறக்குறைய அப்படியே வெள்ளைப் பந்திடம் தங்கிவிடுகிறது. அச்சுழற்சி மேசைத் துணியைப் பின்னோக்கித் தள்ளுவதால் பந்து முன்புறமாக வளைந்து செல்கிறது. நேருக்கு நேர் மோதலில் இதைத் தெளிவாகக் காணலாம். வெள்ளைப் பந்து ஒரு கணம் நின்று, பிறகு தன் பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கைப் பெற்று மீண்டும் உருளும். அடிபட்டுச் சறுக்கிப் புறப்பட்ட சிவப்புப் பந்து ஏழில் ஐந்து பங்கு வேகத்தில் உருளத் தொடங்கும். நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்து, மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து சுழலாமல் சறுக்கி வரும்படி செய்து பாருங்கள், செங்கோணம் கிடைக்கும்.

கேள்வி (தெம்பனிஸ், தொடக்கக் கல்லூரி மாணவி): ஒரு மூலக்கூறு எதிர்ச்சுவர்வரை தடையின்றிச் சென்று திரும்புவதாக வைத்துக்கொண்டே வாயு அழுத்தத்துக்கான சமன்பாட்டை வருவிக்கிறோம். வழியில் மற்ற மூலக்கூறுகள் குறுக்கிடாவா?

பதில்: இந்த ஐயம் எழாமல் அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்பவர்களே மிகுதி, நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. மூலக்கூறுகள் ஓயாமல் குறுக்கிடுகின்றன. சாதாரண அறைக்காற்றில் ஒரு மூலக்கூறு சராசரியாகச் சுமார் 70 நானோமீட்டர் தொலைவு சென்றதுமே இன்னொன்றோடு மோதிவிடுகிறது. அவ்வாறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகிறது. இருந்தும் விடை பிழைபடுவதில்லை. சுவர் உணரும் அழுத்தம், சுவரை ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையும் வேகங்களையும் மட்டுமே பொறுத்தது. அவை எங்கிருந்து புறப்பட்டன என்பது சுவருக்குப் பொருட்டன்று. இடையில் ஒரு மூலக்கூறு தடுக்கப்பட்டால் அதன் உந்தம் மற்றொன்றிடம் சேர்கிறது, அழிவதில்லை. சமநிலையில், ஒரு குறிப்பிட்ட வேகத்தை எத்தனை மூலக்கூறுகள் இழக்கின்றனவோ, சராசரியாக அத்தனை மூலக்கூறுகள் அதே வேகத்தைப் பெறுகின்றன.

எளிய சமன்பாடு தவறுவது வேறோர் இடத்தில், அதாவது மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு என்பதை மறக்கும்போது. பருமனுள்ள பந்துகள் மோதும்போது உந்தம் ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்கு உடனே தாவிவிடுவதால், கணக்கிட்டதைவிட விரைவில் சுவரை அடைகிறது, அழுத்தம் கூடுகிறது. பெட்டியின் கொள்ளளவிலிருந்து மூலக்கூறுகளின் மொத்தப் பருமனைப்போல் நான்கு மடங்கைக் கழிக்கும் திருத்தம், டச்சு இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் 1873-இல் தந்த சமன்பாட்டில் இருக்கிறது.

கேள்வி (ஜூரோங், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்): பெட்டிக்குள் பந்துகள் மோதுவதைக் காட்டும் கணினி நிரல் ஒன்றை எழுதினேன். சில பந்துகள் ஒட்டிக்கொண்டு அதிர்கின்றன. வேகமானவை சுவரைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பதில்: இரண்டுக்கும் காரணம், நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி நகர்த்துவதே. வேகமான பந்து ஒரே படியில் சுவரைத் தாண்டிவிடுகிறது. பந்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த பிறகே நிரல் மோதலைக் கவனிக்கிறது. அடுத்த படியிலும் அவை விலகி முடிக்காததால் வேகங்களை மறுபடியும் திருப்பிவிடுகிறது. அவை ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே வேகத்தை மாற்ற வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் அதிர்வு நின்றுவிடும். முழுத் தீர்வு வேண்டுமானால், எந்த இரண்டு பந்துகள் எப்போது தொடும் என்பதை இருபடிச் சமன்பாட்டால் கண்டு, மிக முந்திய மோதலுக்கு நேராகத் தாவுங்கள். ஆல்டர், வெயின்ரைட் என்ற ஆய்வாளர்கள் 1950-களின் இறுதியில், கணினிகள் மிக மெதுவாக இயங்கிய காலத்திலேயே, இம்முறையில் கடினக் கோளங்களை ஆராய்ந்தார்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): பந்துகளைக் கலக்கி எண்களை எடுக்கும் டோட்டோ குலுக்கலின் முடிவுகளை என் தந்தையார் பல ஆண்டுகளாகக் குறித்து வைக்கிறார். பந்துகள் இயற்பியல் விதிப்படி நகர்கின்றன என்றால், அடுத்த எண்களைக் கணிக்க முடியாதா, ஐயா?

பதில்: விதி இருப்பதும் கணிக்க முடிவதும் ஒன்றல்ல. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்துகள், இரண்டு மோதல்களுக்கு இடையே 25 சென்டிமீட்டர் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பந்தின் இடத்தை நாம் இம்மியளவு தவறாக அறிந்திருந்தால், மோதும்போது மையங்களை இணைக்கும் கோடு சற்றே திரும்பிவிடும். 25 சென்டிமீட்டர் கடந்து அடுத்த மோதலுக்கு வரும்போது அந்தப் பிழை ஏறக்குறைய ஐந்து மடங்காகியிருக்கும். அடுத்த மோதலில் இருபத்தைந்து மடங்கு. ஓர் அணுவின் அகலமான, சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு பிழையோடு தொடங்கினாலும், பதின்மூன்று மோதல்களுக்குள் அது பந்தின் விட்டத்தையே மிஞ்சிவிடும். அதன்பின் எந்தப் பந்து எதைத் தொடும் என்று சொல்லவே இயலாது. பந்துகள் இன்னும் நெருக்கமாக இருந்தால் ஒவ்வொரு மோதலிலும் பிழை பெருகுவது குறையும், ஆனால் மோதல்கள் அடிக்கடி நிகழும்.

முந்தைய குலுக்கலின் சுவடு எதுவும் அடுத்ததற்கு வந்து சேர்வதில்லை. 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க 13,983,816 வழிகள் உள்ளன. அவற்றில் எதற்கும் தந்தையாரின் குறிப்பேடு முன்னுரிமை தர இயலாது. இதை அவரிடம் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் வெற்று மேசையில் ஒரே ஒரு பந்து ஓடினாலும் கணிக்க முடியாதா?

பதில்: அங்கே நெடுநேரம் கணிக்கலாம். தட்டையான சுவர், வந்த கோணத்திலேயே பந்தைத் திருப்பி அனுப்புவதால் பிழை மடங்கு மடங்காகப் பெருகாமல், தொலைவுக்கு ஏற்ப மெல்லக் கூடுகிறது. நடுவில் வட்டமான தடை ஒன்றை நிறுத்தினால் நிலைமை தலைகீழாகிறது, ஏனெனில் வெளிப்புறம் குவிந்த பரப்பு நெருங்கிய இரண்டு பாதைகளை ஒவ்வொரு முறையும் விரித்துவிடுகிறது. அத்தகைய மேசையில் உராய்வில்லாத ஒற்றைப் பந்து, ஏறத்தாழ எந்த இடத்திலிருந்து புறப்பட்டாலும், நாளடைவில் எல்லா இடங்களிலும் எல்லாத் திசைகளிலும் சீராகப் பரவி ஓடும் என்பதை கணிதவியலாளர் யாக்கோவ் சினாய் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.