பூ வரைந்தவருக்கு என்ன கிடைத்தது?

கேள்வி: 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டின் பழைய கார்டு ஒன்று 5 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருக்கிறது. படத்தைப் பார்த்தேன். ஒரு கறுப்புப் பூ, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் இதைவிட நன்றாக டிராகன் வரைவான். ஒரே பூவில் கோடீஸ்வரர் ஆன அந்த ஓவியர் மேல் உங்களுக்குப் பொறாமையாக இல்லையா?

பதில்: பொறாமைப்படத் தப்பான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். கோடி போய்ச் சேர்ந்தது கார்டை விற்றவருக்கு. 'பிளாக் லோட்டஸ்' என்ற அந்தப் பூவை வரைந்த கிறிஸ்டோபர் ரஷ் 2016-லேயே காலமாகிவிட்டார். நீங்கள் சொல்லும் 5,11,100 டாலர் ஏலம் நடந்தது 2021 ஜனவரியில். கார்டு இருந்த பிளாஸ்டிக் உறையின் மேல் ரஷ்ஷின் கையெழுத்து இருந்தது. அதற்காகவும் விலை ஏறியிருக்கும், நல்ல வேடிக்கை!

1993-ல் அந்த விளையாட்டை வெளியிட்டது அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்று. ஓவியர்களுக்குச் சொற்ப ரொக்கம், கொஞ்சம் கம்பெனிப் பங்கு என்று கொடுத்துச் சமாளித்தார்கள். அந்தப் பூ முதல் அச்சில் ஏறத்தாழ 1,100 பிரதிதான். போதாததற்கு, ஆட்டத்தில் அதன் பலம் அசுரத்தனமானது. இன்றைய விலைக்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான்.

சரி, படத்துக்கு வருவோம். கார்டில் ஓவியத்துக்குக் கிடைக்கிற இடம் சுமார் இரண்டு அங்குல அகலம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைத் தலைகீழாகத்தான் பார்ப்பார். அப்படிப் பார்த்தும் என்ன கார்டு என்று சட்டென்று தெரிய வேண்டும். ரஷ்ஷின் பூவைப் பாருங்கள்: பின்னால் பச்சை, நடுவில் கறுப்பு இதழ்கள், வேறு கூட்டம் இல்லை. அவருடைய 'லைட்னிங் போல்ட்' கார்டும் அப்படியே, மின்னலைத் தவிர அதில் ஒன்றும் கண்ணில் படாது. சூரியன், நீர்த்துளி, மண்டை ஓடு, தீ, மரம் என்று கார்டு மூலையில் மிளகு அளவுக்கு ஐந்து சின்னங்கள் வருமே, அவற்றிலும் ரஷ்ஷின் கை உண்டு. பூவை ஏலத்தில் பார்க்கிறோம்; இந்தச் சின்னங்களை இன்றைக்கும் ஆடுகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

முதல் பதிப்பில் எல்லாரும் இவ்வளவு கச்சிதம் என்று சொல்ல வரவில்லை. மார்க் பூல் என்ற ஓவியரிடம் வெப்பமண்டலத் தீவு ஒன்றைக் கேட்டார்கள். அவர் அதில் பறவையைப் பெரிதாகப் போட்டுவிட்டார். பறவைதான் தெரிந்தது, தீவு தெரியவில்லை. தீவு கார்டுக்கு ஆகாது என்று தள்ளிய படத்தை விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு குப்பையில் போடவில்லை. அந்தப் பறவைக்கென்றே புதிதாக ஒரு கார்டு செய்தார். அதுதான் 'பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ்'. ஆட்டக்காரர்களுக்கு இன்றும் அது செல்லப்பிள்ளை.

உங்கள் மகன் இதையே தொழிலாக எடுக்க நினைத்தால், கம்பெனி தரும் கூலி ஒரு பகுதிதான் என்பதைச் சொல்லிவையுங்கள். அசல் ஓவியத்தை விற்பதும், ஓவியருக்கென்று கம்பெனி தரும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் கார்டுப் பிரதிகளில் ரசிகர் கேட்டதை வரைந்து கொடுப்பதும் பலருக்கு முக்கிய வரும்படி. கணினியில் மட்டும் வரைகிறவருக்கு விற்க அசல் என்று கையில் எதுவும் இருக்காது.

அப்புறம், அந்த டிராகனை போனில் படம் பிடித்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் அது டிராகன் என்று தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன்.