தசரா டைம்ல வேஷம் போட்டு கடை கடையா காசு கேக்குறவங்களப் பாத்தா எரிச்சலா வருது, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

நீங்க தூத்துக்குடிக்கு மாத்தலாகி வந்தவரா இருப்பீங்கன்னு நெனைக்கேன், ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி வராது. நான் கையேந்தி நின்னவன், அதனால கொஞ்சம் கோவமாத்தான் வரும், தப்பா எடுத்துக்காதீங்க.

அது வசூல் இல்ல சார், தர்மம் எடுக்குறது. குலசை முத்தாரம்மனுக்கு (2024-ல ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டுனாங்களே, அதே குலசேகரன்பட்டினம்தான்) நேந்துக்கிட்டு, கொடியேத்தம் ஆனதும் காப்பு கட்டி, வேஷம் போட்டு நாலு பேருகிட்ட வாங்குன காச கோயில் உண்டியல்ல போடணும். வீட்ல கார் நிக்கிறவனும் கையேந்தித்தான் ஆகணும், வேண்டுதலே அதான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்ச வருஷம் நான் குரங்கு வேஷம். டபிள்யூஜிசி ரோட்டுல ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி, எங்கப்பாவுக்கு ரொம்ப வருஷப் பழக்கம், மூஞ்சில பெயிண்ட் இருந்ததால என்னைய அடையாளம் தெரியல, "ஏல, காலைலேர்ந்து மூணு கொரங்கு வந்துட்டு, போ போ"ன்னு வெரட்டிட்டாரு. ஒரு பொண்ணு பாதி தின்ன பழத்த நீட்டுது. சின்னப் பசங்க வாலப் புடிச்சு இழுத்தானுவ, அது பரவால்ல, வாலு இருந்தா இழுக்கத்தான் செய்வான்.

ரெண்டு வருஷம் கழிச்சு காளி வேஷம். 41 நாள் விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு, சடைமுடி, கிரீடம், காளிக்குள்ள பொய்க் கையெல்லாம் கட்டிட்டு நடந்தா ரெண்டு நாளைக்கு கழுத்து திரும்பாது. அதே கடை, அதே அண்ணாச்சி, செருப்பக் கழட்டிட்டு படியெறங்கி வந்து 500 ரூவாய தட்டுல வெச்சு, நெத்தில திருநீறு பூசச் சொல்லி, "மவளுக்கு இந்த வருஷமாவது அமையணும் தாயே"ன்னு கண்ண மூடிட்டு நிக்காரு. எனக்கு கை நடுங்கிட்டு. எனக்கே அப்ப கல்யாணம் ஆகல!

இப்ப ஒருத்தர் வருவாரு, காச வாங்கி குடிக்கான், தசரா குழுங்குற பேர்ல குத்துப்பாட்டுக்கு ஆடுறான்னு. இருக்கு, இல்லேங்கல, ஆபாச ஆட்டம் கூடாதுன்னு ஹைகோர்ட் மதுரைக் கிளையே சொல்ற அளவுக்குப் போச்சு. அதுக்காக விரதம் இருக்குறவனையும் சேத்துப் பேசுனா எப்படி? நான் அப்ப வேல பாத்த கம்பெனில நாலு நாள் லீவு கேட்டதுக்கு மேனேஜர் "ஃபேன்சி டிரஸ் போட்டியா"ன்னு சிரிச்சாரு, அவரு மலைக்கு மாலை போட்டு ஒரு வாரம் காணாமப் போனப்ப எவனும் சிரிக்கல. எனக்கு சம்பளத்துலயும் புடிச்சாங்க.

குடுக்க இஷ்டமில்லையா, கும்பிட்டு "போயிட்டு வாங்க"ன்னு சொல்லுங்க, போயிருவோம். ரீல்ஸுக்காக போன மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, வேர்வைல பெயிண்ட் கண்ணுக்குள்ள எறங்கி எரிஞ்சிட்டு இருக்கும். முடிஞ்சா ஒரு சொம்பு தண்ணி குடுங்க, குரங்குக்கும்தான்.

அண்ணாச்சி மவளுக்கு அடுத்த தையில கல்யாணம் ஆச்சு. பத்திரிகை எங்கப்பா பேருக்கு வந்துச்சு.