இரண்டரை வயது குதிரைக் குட்டியை ஏற்றத்துக்கு எப்படிப் பழக்குவது?

வள்ளியூர்ப் பக்கம் இரண்டரை வயது மார்வாரி ஆண்குட்டி வாங்கியிருக்கிறீர்கள். கயிற்றைப் பிடித்தால் பின்னால் இழுக்கிறது. "ஆத்து மணல்ல இறக்கி ஏறிருங்க, ஒரு வாரத்துல அடங்கிரும்" என்று ஊரில் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. ஆழமான மணலில் குட்டி சீக்கிரம் களைக்கும். களைத்து நிற்பதைத்தான் அடங்கிவிட்டது என்கிறார்கள். தெம்பு வந்ததும் பழையபடி இழுக்கும். அதற்குள் முன்னங்கால் தசைநாண் வீங்கினாலும் ஆச்சரியமில்லை.

முதலில் வயதைப் பல்லில் பாருங்கள். நடு முன்பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பு நீளுகிற மென்மையான இடமான வளர்ச்சித் தட்டு மூடவே இரண்டரை வயது வரை ஆகும்; முதுகெலும்பு முழுதாக இறுக ஐந்து வயது தாண்டும். ஆகவே இப்போது தரைப் பயிற்சி மட்டும். மூன்று வயதுக்கு மேல் நீள லகான் (பின்னால் நடந்தபடி லகானில் ஓட்டுவது), மூன்றரையில் முதல் ஏற்றம்.

எடையையும் அளந்துவிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 155 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் 145 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 155 × 155 × 145, அதை 11,877 ஆல் வகுத்தால் சுமார் 293 கிலோ. சேணமும் ஆளும் சேர்ந்து வளர்ந்த குதிரைக்கே 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; இந்தக் கணக்கில் அது 58 கிலோ. இளங்குட்டிக்கு 15 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. ஏறும் சமயத்தில் மறுபடி அளங்கள். எழுபது, எண்பது கிலோ ஆள் முதல் ஏற்றத்துக்கு ஆகாது. எடை குறைந்த, ஏறத் தெரிந்த ஒருவரை இப்போதே தேடி வையுங்கள்.

கடிவாளம் போடும் முன் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர் மருத்துவரிடமோ வாயைக் காட்டுங்கள். மேல் கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சின்னதாக ஒரு உபரிப்பல் இருக்கும். கடிவாளக் கம்பி அதில் இடித்தால் தலையை உதறும். ஆட்கள் அதைக் குறும்பு என்று நினைத்து அடிப்பார்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் கட்டாயம். நம் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத தரையே கிடையாது, குளம்பில் முள் ஏறினால் குதிரைக்கு ரணஜன்னி வெகு எளிதில் வரும். இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றால் காயடிப்பது பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கயிறு. உங்கள் குட்டி இழுப்பதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: அது பின்வாங்கும்போதெல்லாம் பிடித்தவர் பயந்து கயிற்றை விட்டிருக்கிறார். அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே சரி என்று குதிரை எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லாப் பயிற்சியும் இதன் மேல்தான் நிற்கிறது.

தலைக்கயிற்றில் பத்தடிக் கயிறு கட்டி, குட்டியின் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முகத்துக்கு நேரே வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடியுங்கள். இரண்டு விரல் பலத்தில் முன்னோக்கி அழுத்தம் கொடுங்கள். அது பின்வாங்கினால் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அதே அழுத்தத்தோடு கூடவே நடங்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்து ஒரு அங்குலம் தாழும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வரும். கால் இன்னும் எழும்பியிருக்காது. அப்போதே கயிறு தொய்ய வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் அது தலையைத் தூக்கியிருக்கும், நீங்கள் அதற்குப் பரிசு கொடுத்தவர் ஆவீர்கள். இதே முறையில் பக்கவாட்டில் திரும்புவது, பின்னால் ஓரடி வைப்பது, பின்பாகத்தை விலக்குவது எல்லாம் வரும். தினம் 15, 20 நிமிடம் போதும்.

இது படியும்வரை இறுக்கிக் கட்டிப்போடாதீர்கள். கட்டிய குதிரை மிரண்டு பின்னால் சாய்ந்தால் கழுத்தும் பிடரியும் அடிபடும். வேப்பமரத்தில் கயிற்றை ஒரு சுற்று சுற்றி நுனியைக் கையில் வைத்துப் பழக்குங்கள். பிறகு கட்டும்போது தோள்மேட்டு உயரத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கடிவாளத்தில் ஒருபோதும் கட்டக்கூடாது.

சாக்கு, மழைக்கோட்டு, பாலித்தீன் பை எல்லாவற்றையும் இதே கணக்கில் காட்டலாம்: அசையாமல் நிற்கிற நொடியில் பொருளை விலக்குங்கள். ஓடும்போது விலக்கினால் ஓடக் கற்றுக்கொள்ளும். லாடம் அடிக்க வருகிற அண்ணாச்சிக்காகத் தினமும் நாலு காலையும் தூக்கிக் குளம்பைத் தட்டுங்கள்.

நடுவில் நின்று கயிற்றைப் பிடித்துக் குட்டியை வட்டமாக ஓட்டுவதை ஊரில் அளவுக்கு மீறிச் செய்கிறார்கள். சின்ன வட்டம் இளம் மூட்டுக்கு எதிரி. கயிறு ஏழெட்டு மீட்டர் இருக்கட்டும், மொத்தம் 15 நிமிடம், பாதியில் திசை மாற்றம், வாரத்தில் இரண்டு நாள். தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், மணல் ஆழம், தசைநாணைக் கெடுக்கும். தார் ரோடு குளம்பையும் மூட்டையும் அதிர வைக்கும். வெடித்த கரிசலில் கால் சிக்கும். வெடிப்பில்லாத வறண்ட குளம், முள் பொறுக்கிய செம்மண் விளைநிலம் நல்லது. கோடையில் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் நாடி நிமிடத்துக்கு 60க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம். சூடான குதிரைமேல் தண்ணீர் தொடர்ந்து ஊற்றலாம், கெடுதல் இல்லை.

தீனியிலும் கவனம் வேண்டும். வேலை குறைந்த குட்டிக்குக் கொள்ளும் மக்காச்சோளமும் குவித்தால் துள்ளல்தான் மிஞ்சும். காய்ந்த புல்தான் அடிப்படை.

சேணத்துக்கு முன் வெறும் துணி, பிறகு வயிற்று வார் மட்டும், பிறகு அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாத சேணம். வாரை ஒரே மூச்சில் இறுக்கினால் துள்ளும், அந்தப் பயம் பல மாதம் போகாது. ஒரு துளை இறுக்கி, பத்தடி நடத்தி, அடுத்த துளை. கடிவாளம் நடுவில் ஒரு மூட்டு மட்டும் உள்ள வழவழப்பானதாக இருக்கட்டும். முள் கடிவாளம் வேண்டவே வேண்டாம். பின்னாலிருந்து இரண்டு நீள லகானில் ஓட்டி, "நில்", இடது, வலது மூன்றும் ஆள் ஏறாமலே படிந்துவிட வேண்டும். நீங்கள் உதைக்கு எட்டாத தூரத்தில், சற்றே ஒரு பக்கமாக நடங்கள்.

முதல் ஏற்றத்துக்கு இரண்டு பேர் தேவை. கட்டாமல், ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்க, உறுதியான பெஞ்சில் நின்று மேலே சாய்ந்து கையால் சேணத்தைத் தட்டுங்கள். அடுத்த நாள் வயிற்றைக் குறுக்கே போட்டுச் சில நொடி சாய்ந்து இறங்குங்கள். காது தளர்ந்து, மூச்சு சீராக இருந்தால் மட்டும் இன்னொரு நாள் காலைப் போடலாம். மூச்சைப் பிடித்து, வாலை ஒடுக்கி, கண் வெள்ளை தெரிய நின்றால் அது அமைதி இல்லை. வெடிக்கப் போகிறது, இறங்கிவிடுங்கள். குதிரையேற்ற ஹெல்மெட்டும் குதிகால் உள்ள ஷூவும் இல்லாமல் ஏறக்கூடாது. செருப்புக் கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டும்.

முதல் மாதம் பத்து, பதினைந்து நிமிடம் நடை மட்டும், வாரத்தில் மூன்று நாள். ஒரு பக்க லகானால் தலையை மெல்ல மடக்கி நிறுத்துவதை நடையிலேயே பழக்குங்கள். பாய்ச்சலில் வெடுக்கென்று திருப்பினால் குதிரை உங்களோடு விழும். உங்கள் பக்கம் காற்றாலை அதிகம். சுழலும் இறக்கையின் நிழல் தரையில் ஓடிவருவதைப் பார்த்தால் புதுக்குட்டி பக்கவாட்டில் குதித்துவிடும். முதலில் கயிற்றில் நடத்தி அந்த நிழலைக் காட்டுங்கள். ஆடிக் காற்றில் புது ஏற்றம் தொடங்க வேண்டாம். ட்ராட் எனும் மெல்லோட்டம் இரண்டாம் மாதம், நேர்க்கோட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு முறை சேணம் கழற்றியதும் முதுகைப் பாருங்கள்: சுற்றிலும் வேர்த்து ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யும்வரை ஏற்றத்தை நிறுத்தி, நீள லகானில் மட்டும் ஓட்டுங்கள்.