‘ஹார்ட்லி எனி ஹாட் வாட்டர்’ என்றால் பாராட்டா, புகாரா?

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: “வெளிமாநிலத்துக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் ஆங்கிலத்தில் குறை சொல்கிறார்கள், ஆன்லைனில் ரிவ்யூவும் எழுதுகிறார்கள், பாதி புரிவதில்லை. எதிர்மறைச் சொற்கள் மட்டும் இருக்கிற ஒரு புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்கிறேன், மண்டையில் நிற்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?”

முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். அகர வரிசையில் போனால் அபாமினபிள் மாதிரி உங்கள் லாட்ஜில் யாருமே சொல்லாத சொற்களில் ஆரம்பித்து, டாம்ப் வருவதற்குள் சீசனே முடிந்துவிடும். ஆனால் ஐப்பசி மழையில் கொடைக்கானலில் ரூம் எடுத்தவர் வாயில் முதலில் வருவது அந்த டாம்ப்தான். போர்வை, மெத்தை ஈரம் கோத்திருந்தால் டாம்ப். பூட்டியே கிடந்த அறையில் அடிக்கும் வாடைக்கு மஸ்டி. சுவரிலோ அலமாரியிலோ பூஞ்சையே பூத்துவிட்டால் மோல்டி. முதலாவதற்கு வேறு போர்வை கொடுக்கலாம், இரண்டாவதற்கு ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம், மூன்றாவது என்றால் ரூமையே மாற்றித் தர வேண்டியதுதான். இப்படி ஒரு சொல்லோடு நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் ஒட்டிக்கொண்டால் அது மறக்காது. சாப்பாட்டுக்கும் அப்படியே: உப்பு உறைப்பு இல்லாமல் சப்பென்று இருந்தால் பிளாண்ட், பிரெட் பழசாகிப் போயிருந்தால் ஸ்டேல்.

அன், இன், இம், டிஸ், மிஸ் என்று முன்னால் ஒட்டிக்கொள்பவை உங்களுக்கே தெரிந்திருக்கும், அன்ஹெல்ப்ஃபுல், இம்பொலைட் எல்லாம் அந்த வகை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒருவர் உங்களை இன்வேல்யுவபிள் என்று எழுதினால் கோபப்படாதீர்கள், விலைமதிப்பே இல்லாத உதவி செய்தீர்கள் என்று புகழ்கிறார். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் பெட்ரோல் டேங்கரில் இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருப்பதும் தீப்பற்றாது என்பதற்காக அல்ல, சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதற்காக.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்மறை மாதிரியே தெரியாத சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. ‘தேர் வாஸ் ஹார்ட்லி எனி ஹாட் வாட்டர்’ என்று எழுதியிருந்தால், ஹார்டு என்பதை வைத்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்ததாக நினைத்துவிடாதீர்கள், சுடுதண்ணீர் வந்ததே அபூர்வம் என்கிறார், கீசரைப் போய்ப் பாருங்கள். ‘பேர்லி வார்ம்’ என்றாலும் கிட்டத்தட்ட அதே புகார்தான். ‘எ ஃபியூ ப்ளாங்கெட்ஸ்’ என்றால் சில போர்வைகள் இருந்தன, முன்னால் அந்த ‘எ’ இல்லாமல் வெறும் ‘ஃபியூ’ என்றால் போர்வை போதவில்லை. ஒரே ஒரு எழுத்து! அப்புறம் ‘நாட் பேட் அட் ஆல்’ என்பதில் இரண்டு எதிர்மறை இருந்தாலும் அது பாராட்டுதான்.

பதில் சொல்லும்போதும் ஒரு பள்ளம் உண்டு. “சுடுதண்ணீர் இல்லையா?” என்று கேட்டால் நாம் “ஆமாம், இல்லை” என்போம். அதே பழக்கத்தில் ‘இஸின்ட் தேர் ஹாட் வாட்டர்?’ என்பவரிடம் ‘யெஸ்’ என்றால், தண்ணீர் இருக்கிறது என்று நினைத்து அவர் துண்டோடு குளியலறைக்குப் போய்விடுவார். இல்லை என்றால் ‘நோ’தான், கேள்வி எப்படி இருந்தாலும் சரி.

போர்டிலும் கவனம் வேண்டும். ‘சீப் ரூம்ஸ்’ என்று எழுதினால் மட்டமான ரூம் என்ற வாசனையும் கூடவே வருகிறது, ‘அஃபோர்டபிள்’ என்று போடச் சொல்லுங்கள் முதலாளியிடம். இந்த வாசனையைத் தெரிந்துகொள்ள சாதாரண அகராதி போதாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றில் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள அகராதிகளில் இப்படிப்பட்ட சொல்லின் பக்கத்தில் ‘டிஸ்அப்ரூவிங்’, அதாவது குறை சொல்லும் தொனி உள்ள சொல், என்று ஒரு குறிப்பு இருக்கும், போனில் இலவசமாகவே பார்க்கலாம்.

இனி ஒரு நோட்டு போடுங்கள். ரூம், குளியலறை, சாப்பாடு, பில், நம் ஆட்கள் என்று பக்கம் பிரித்து, வந்தவர் சொன்ன வாக்கியத்தை முழுசாக அப்படியே எழுதுங்கள், தனிச் சொல்லாக வேண்டாம். பதிலில் மட்டும் அவர் சொன்ன சூடான சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள். அவர் குளியலறையை ஃபில்தி, அதாவது படு அசிங்கம், என்று எழுதினால், ‘சாரி தட் த பாத்ரூம் வாஸ் நாட் கிளீன்’ என்று இறக்கி எழுதி, என்ன சரி செய்தீர்கள் என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.