மஞ்சாடி, மாவு, முட்டை அட்டை

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, பேச்சு, எழுத்து பற்றித் தமிழக–கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

என் பேத்திக்கு நாலு வயது. ஒன்று முதல் ஐம்பது வரை மூச்சுவிடாமல் சொல்கிறாள். ஆனால் ‘அஞ்சு தக்காளி எடுத்துட்டு வா’ என்றால் கை கொள்ளுமட்டும் அள்ளி வருகிறாள். புனலூர் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பை மஞ்சாடிக்குரு (மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதை) வந்திருக்கிறது. அதை வைத்து எண்ணப் பழக்கலாமா?
– வாசகி, செங்கோட்டை

ஐம்பது வரை சொல்வது அவளுக்கு ஒரு பாட்டு. எண்ணுவது வேறு வேலை. ஒரு பொருளைத் தொடும்போது ஒரே ஓர் எண்தான் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் பிடிபட வேண்டும். நாலு கரண்டியை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். ‘நாலு’ என்று சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் அந்த இரண்டாவது விஷயம் இன்னும் வரவில்லை. இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் இங்கேதான் நிற்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

இதற்குப் பல்லாங்குழியை விட நல்ல கருவி கிடையாது. ஆனால் 14 குழியும், குழிக்கு ஐந்தாறு காயும் அவளுக்கு ரொம்ப அதிகம். முப்பது முட்டை வைக்கும் அட்டையிலிருந்து ஆளுக்கு மூன்று குழி வருமாறு ஆறு குழி வெட்டி, குழிக்கு 2 காய் போடுங்கள். முதல் வாரம் வெற்றி தோல்வி எதுவும் வேண்டாம். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது மட்டும்தான். பல பிள்ளைகள் ஒரு குழியில் இரண்டைப் போட்டுவிடும், அல்லது ஒரு குழியைத் தாண்டிவிடும். வாய் சொல்வதற்குள் கை ஓடிவிடுவதுதான் காரணம். காயைக் கையில் அள்ள விடாமல் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னால் கையின் வேகம் தானே குறையும். ‘தப்பு’ என்று திருத்த வேண்டாம்; உங்கள் முறை வரும்போது நீங்கள் மெதுவாகப் போடுங்கள், பார்த்துப் பிடித்துக்கொள்வாள். தக்காளியையும் இரண்டிலிருந்து தொடங்குங்கள். மூன்று தடுமாறாமல் வந்த பிறகு நாலுக்குப் போகலாம்.

இனி அந்தப் பை. மஞ்சாடி முழுக்கச் சிவப்பு, கொஞ்சம் தட்டை. குன்றிமணிக்கு ஒரு முனையில் கறுப்புப் பொட்டு இருக்கும். அது கொடிய விஷம். இரண்டும் ஒன்றாகக் கலந்து வருவது உண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளை குன்றிமணியை மென்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சாடியும் வாயில் போடுகிற பொருள் இல்லை. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு பிள்ளை இருந்தால் எந்த விதையும் வேண்டாம்: மூக்கில் போகும், மூச்சுக்குழாயில் சிக்கும். நாலு சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழையும் எதுவும் அந்த வயதுக்குச் சின்னதுதான். அப்போது விதைக்குப் பதிலாகப் பெரிய வெங்காயமும் மரக்கரண்டியும் வைத்து எண்ணுங்கள்.

என் கணவர் குமுளிக்காரர், வீட்டில் மலையாளம் பேசுவார். நான் கம்பம், தமிழ்தான். மகனுக்கு 22 மாதம், பத்து வார்த்தைதான் பேசுகிறான். ‘ரெண்டு பாஷை பேசிக் குழப்பாதே, ஒண்ண நிறுத்து’ என்கிறார்கள். நிறுத்தவா?
– வாசகி, கம்பம்

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுவதும் கோளாறு இல்லை.

ஆனால் அந்தப் ‘பத்து’ எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அம்மா தமிழை மட்டும் எண்ணுவார், அப்பா மலையாளத்தை மட்டும். அவன் உங்களிடம் ‘தண்ணி’ என்றும் அப்பாவிடம் ‘வெள்ளம்’ என்றும் சொன்னால் அது இரண்டு வார்த்தை. ‘மாடு’க்கு ‘ம்மா’ என்று எப்போதும் சொன்னால் அதையும் சேருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, வீட்டில் யார் கேட்டாலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் உண்மையான கணக்கு வரும்.

இரண்டு வயதுக்குள் இரு மொழியும் சேர்த்து சுமார் 50 வார்த்தையும், ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ போல இரண்டு சொல் சேர்ப்பதும் எதிர்பார்க்கலாம். தாளில் பத்தோ பதினைந்தோதான் வந்தால் ‘ஆம்பிளப் பிள்ளைங்க மெதுவாத்தான் பேசும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை. பிறகு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள். பேசிய வார்த்தைகளை விட்டுவிட்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ அந்த வாரமே போய்விடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது, கேள்வியைக் குறைப்பது. ‘இது என்ன? இது என்ன?’ என்று கேட்டால் பிள்ளை மூடிக்கொள்ளும். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரை நீங்களே சொல்லுங்கள். அவன் ‘பஸ்’ என்றால் ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள்: ‘பெரிய பஸ்’, ‘பஸ் போச்சு’. பழகிய பாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு ஐந்து விநாடி அவன் முகத்தைப் பாருங்கள். ஐந்து விநாடி நமக்கு நெடுநேரமாகத் தோன்றும். பெரும்பாலும் இரண்டாவது விநாடியிலேயே நாம் வாயைத் திறந்துவிடுகிறோம். அவனுக்கு அந்த இடைவெளி அவசியம். சாப்பாட்டு நேர செல்போனை நிறுத்துங்கள். ஒரு நாளில் நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்கிற நல்ல நேரத்தை அதுதான் எடுத்துக்கொள்கிறது.

விஜயதசமிக்கு எழுத்தினிருத்து (முதல் எழுத்து எழுதவைக்கும் சடங்கு) முடிந்து மகனை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். மூன்றரை வயது. பென்சிலை முழுக் கையால் பிடிக்கிறான். ‘அ’ எழுதச் சொன்னால் அழுகிறான்.
– வாசகர், களியக்காவிளை

அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது அழகான தொடக்கம். பென்சிலுக்கு அந்தக் கை தயாராகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. மூன்றரை வயதில் முழுக் கைப்பிடி இயல்பு. மூன்று விரல் பிடி பலருக்கு நாலரை வயதுக்கு மேல்தான் நிலைக்கும்.

கோடுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. நின்ற கோடு, படுத்த கோடு, மூன்று வயது வாக்கில் வட்டம், நாலில் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம். ‘அ’வில் சுழி, வளைவு, குறுக்கு, நெடுக்கு எல்லாம் இருக்கின்றன, அவன் அழுவதில் நியாயம் இருக்கிறது. ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்றே கோடு. அவற்றில் தொடங்குங்கள்.

அதற்கு முன் தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட வேண்டும். இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு குவளை தண்ணீரும் கொடுத்து வெளிச்சுவரில் ‘வெள்ளையடிக்க’ விடுங்கள். தாளை மேசையில் வைக்காமல் அவன் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். மணிக்கட்டு தானாகச் சரியான கோணத்துக்கு வரும். முழு கிரேயானைக் கொடுக்காதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுத்தால் முழுக் கையால் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிதான் பிடிக்கும். வேர்க்கடலை உரிப்பது, புள்ளி வைத்துக் கொடுத்தால் சேர்ப்பது எல்லாம் இதே வேலைதான். எழுத்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் வந்தால் ஆசிரியரிடம் பேசிக் குறைத்துவிடுங்கள். அவன் சார்பில் பேச நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

விளையாட்டு மாவு செய்தேன் (மைதா 2 கப், உப்பு 1 கப், தண்ணீர்). சாரல் தொடங்கியதும் ஒரே நாளில் பிசுபிசுத்துவிட்டது.
– வாசகி, தென்காசி

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. சாரல் காலத்தில் வேகவைத்த மாவுதான் தாங்கும். மைதா 1 கப், உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வாணலியில் கிளறுங்கள். அடியில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்குங்கள். பாதியில் இறக்கினால் மறுபடி ஒட்டும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துவிடும். கறுப்புப் புள்ளியோ வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். வாயில் போடும் பிள்ளைக்கு இந்த மாவு ஆகாது. இவ்வளவு உப்பு உள்ளே போவது ஆபத்து. அவர்களுக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவு, அன்றைக்கு மட்டும்.

பேரனுக்குப் பத்து மாதம். உட்கார வைத்து ஓட்டும் வாக்கர் வாங்கலாமா, பழைய மர நடைவண்டி போதுமா?
– வாசகர், கோபாலபுரம்

வாக்கர் வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்திப் போகிறது. நடை சீக்கிரம் வருவதில்லை, படியில் உருண்டு அடிபடுவதுதான் அதிகம். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. நடைவண்டி நல்லது, ஆனால் பேரன் கட்டிலைப் பிடித்துத் தானே எழுந்து பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கத் தொடங்கிய பிறகு. வழவழப்பான தரையில் வண்டி முந்தி ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். முன்பக்கம் இரண்டு கிலோ அரிசி மூட்டை கட்டி, சக்கரத்தில் பழைய துணி சுற்றிவிடுங்கள். ஆணி எதுவும் தலை நீட்டவில்லையா என்று கையால் தடவிப் பாருங்கள். இறக்கமான வாசலில் விடாதீர்கள்.